பில்லைப் பார்க்கும் முன் சுவரைப் பாருங்கள்

(இலண்டனில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஓர் அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குளிர்காலம் தொடங்கினால் நம்முடைய வீடுகளில் ஒரு வாக்குவாதமும் தொடங்கிவிடும். அப்பா ஹீற்றிங்கை 16-ல் வைத்துவிட்டு வேலைக்குப் போவார். பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளை அதை 23-க்குக் கூட்டும். அம்மம்மா எதுவும் சொல்லாமல் ஜம்பருக்கு மேல் சால்வையும் போர்த்துக்கொண்டு குசினியில் அடுப்படியோடு நிற்பார். பில் வந்ததும் யார் கூட்டியது, யார் யன்னலைத் திறந்தது என்று விசாரணை நடக்கும். கட்டடங்களின் வெப்பக் கணக்கைப் பார்ப்பதே என் தொழிலாக இருந்தது. அந்தத் தொழில் எனக்குக் கற்பித்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பில்லின் பெரும்பகுதியை உங்கள் குடும்பத்தில் யாரும் செலவழிக்கவில்லை. சுவரும் கூரையும் கதவிடுக்கும் செலவழித்தன. ஆகவே வீட்டுக்குள் ஒருவரையொருவர் கடிந்துகொள்வதை இன்றோடு நிறுத்துங்கள் என்று கேட்கவே இங்கே வந்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் உள்ள வீடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று 1919-க்கு முன் கட்டப்பட்டது. 1983 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையைவிட்டு வந்த நம்மவர்கள் முதலில் அறை எடுத்துத் தங்கியதும், பிறகு சீட்டுப் பிடித்துக் காசு சேர்த்து வாங்கியதும் பெரும்பாலும் பழைய வீடுகளைத்தான். ஈஸ்ற்ஹாம், மனர்பார்க், ரூட்டிங் தெருக்களில் வரிசையாக ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகளில் பெரும்பாலானவை விக்ரோறியா மகாராணியின் காலத்தையோ அவருடைய மகன் எட்வேட்டின் காலத்தையோ சேர்ந்தவை. ஹரோ, வெம்பிளிப் பக்கம் இருப்பவை ரயில் பாதை நீண்டதோடு 1920களிலும் 30களிலும் எழுந்த இரட்டை வீடுகள். இந்த வீடுகளைக் கட்டியவர்கள் கேஸ் பொயிலரைக் கனவிலும் காணவில்லை. அவர்கள் நிலக்கரிக்காகக் கட்டினார்கள்.

இதை விளங்கிக்கொண்டால் பாதி விடயம் விளங்கிவிடும். நிலக்கரி எரியும் அறைக்குக் காற்று வேண்டும். காற்று இல்லாவிட்டால் நெருப்பு மங்கும், புகை அறைக்குள் திரும்பும், ஆள் மயங்கிச் சாகவும் கூடும். அதனால் கதவிடுக்கு, தரைப்பலகை இடுக்கு, மேலும் கீழும் இழுத்துத் திறக்கும் யன்னலின் இடுக்கு எல்லாம் அந்த வீட்டின் மூச்சுக்குழாய்களாக இருந்தன. நெருப்பு எரிய எரியப் புகைக்கூண்டு காற்றை மேலே இழுக்கும், இடுக்குகள் வெளிக்காற்றை உள்ளே விடும். வெப்பத்தின் பெரும்பகுதி புகையோடு கூரைக்கு மேல் போய்விடும். நெருப்புக்கு முன்னால் இருப்பவருக்கு முகம் வேகும், முதுகு விறைக்கும். பழைய ஆங்கிலேயக் கதிரைகளில் தலைக்கு இரு பக்கமும் இறக்கைபோல் மறைப்பு வைத்தார்களே, அது அழகுக்காக மட்டும் அல்ல. பக்கத்தால் வரும் குளிர்காற்றைத் தடுப்பதற்காக. வீடு முழுவதையும் சூடாக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாரும் எண்ணவில்லை. ஒரு நெருப்பு, அதைச் சுற்றி ஒரு குடும்பம், அவ்வளவுதான்.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டனை மூடிய புகைமூட்டம் அந்த வாழ்க்கையின் விலையைக் காட்டியது. அப்போது கணக்கிட்டவர்கள் ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாகச் சொன்னார்கள். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை போகின்றன. 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. வட கடலில் இயற்கை எரிவாயு கிடைத்தது. 1967 முதல் 1977 வரை பத்து ஆண்டுகள் வீடு வீடாகப் போய், அடுப்பு அடுப்பாகக் கழற்றி மாட்டி, ஒரு நாட்டையே புதிய வாயுவுக்கு மாற்றினார்கள். வீடு முழுவதற்குமான ஹீற்றிங் 1970-ல் மூன்றில் ஒரு வீட்டில்கூட இல்லை. இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வீடுகளில் இருக்கிறது.

நெருப்பை மாற்றினார்கள். வீட்டை மாற்றவில்லை. நான் இங்கே சொல்ல வந்த முழு விடயமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இடுக்குகளோடும் மூடாத புகைக்கூண்டோடும் ஒற்றைக் கண்ணாடியோடும் இருந்த வீட்டுக்குள் ரேடியேற்றரைக் கொண்டுவந்து மாட்டினார்கள். கேஸ் மலிவாக இருந்த வரைக்கும் யாரும் கணக்குக் கேட்கவில்லை.

கணக்கை இப்போது கேட்போம். ஒரு சதுர மீற்றர் சுவரின் இரு பக்கத்துக்கும் ஒரு பாகை வித்தியாசம் இருந்தால் அந்தச் சுவர் எத்தனை வாற் வெப்பத்தைக் கடத்தும் என்பதற்கு ஓர் எண் உண்டு. ஒன்பது அங்குலத் தடிப்புள்ள பழைய செங்கல் சுவருக்கு அது 2 அளவில். நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டிய சுவருக்கு 1.5 அளவில், அந்த வெற்றிடத்தை நிரப்பினால் அரைக்கு அண்மையில் வரும். 1965-ல் வந்த கட்டட விதிகள் 1.7 வரை அனுமதித்தன. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகுதான் விதிகள் இறுகத் தொடங்கின, 1990-ல் 0.45. இன்று நன்றாகக் கட்டும் புதுவீட்டுச் சுவர் 0.2-க்குப் பக்கத்தில் இருக்கிறது.

எண்ணாகக் கேட்டால் மனதில் நிற்காது. வெளியே படும் சுவர் 50 சதுர மீற்றர், உள்ளே 20 பாகை, வெளியே 5 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய சுவர் வழியாக ஒவ்வொரு கணமும் 1,500 வாற் வெளியேறுகிறது. ஒரு நாளைக்கு 36 யூனிற், அதாவது 36 கிலோவாற் மணி. கேஸ் யூனிற் 6 பென்ஸ் என்றால், பொயிலரில் வீணாவதைச் சேர்க்காமலே நாளொன்றுக்கு 2 பவுணுக்கு மேல், சுவருக்கு மட்டும். புதிய சுவருக்கு அதே குளிரில் 3.6 யூனிற், 22 பென்ஸ். பழைய வீட்டில் மாதம் 65 பவுண், புது வீட்டில் ஆறரைப் பவுண். இரண்டு வீட்டிலும் இருப்பவர்கள் ஒரே அளவு சிக்கனக்காரர்களாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. கூரை, தரை, யன்னல், காற்று எல்லாம் இதற்கு மேல்.

இன்னொன்றும் உண்டு. பழைய வீட்டில் காற்று 20 பாகையில் இருந்தாலும் குளிர்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளைகள் மீற்றரைக் காட்டி, இருபது இருக்கிறதே என்பார்கள். பெரியவர்கள் சொல்வதுதான் சரி. குளிர்ந்த சுவர் முன்னால் இருந்தால் நம் உடம்பின் வெப்பம் நேரடியாக அந்தச் சுவரை நோக்கிப் போகிறது. இடையில் இருக்கும் காற்று சூடாக இருப்பது அதைத் தடுக்காது. அதனால்தான் பழைய வீட்டில் 22 வைத்தாலும் போதாமல் இருக்கிறது, புதுவீட்டில் 19 போதுமாக இருக்கிறது. அம்மம்மாவின் கதிரையை வெளிச்சுவரிலிருந்தும் யன்னலிலிருந்தும் விலக்கி, உள்சுவர்ப் பக்கம் போடுங்கள். இதற்கு ஒரு பென்ஸும் செலவில்லை.

உங்கள் வீட்டின் சுவர் எந்த வகை என்று அறிய நிபுணரை அழைக்க வேண்டியதில்லை. வெளியே போய்ச் செங்கல்லைப் பாருங்கள். எல்லாக் கல்லும் நீளப்பக்கம் தெரியும்படி கிடந்தால் பெரும்பாலும் நடுவில் வெற்றிடம் உள்ள சுவர். நீளக் கல்லுக்கிடையே கட்டைக் கல்லின் முகமும் தெரிந்தால் அது தடித்த ஒற்றைச் சுவர்; கல்லைக் குறுக்கே வைத்து இரு பக்கத்தையும் பிணைத்திருக்கிறார்கள். வெற்றிடம் விட்டுக் கட்டியவர்களுக்கும் குளிரைத் தடுக்கும் எண்ணம் இருக்கவில்லை. மழை உள்ளே ஊறாமல் இருக்கவே அதை விட்டார்கள்.

இனி, இந்த அவையில் பலருக்குத் தெரிந்த ஒரு துன்பத்துக்கு வருகிறேன். அலுமாரிக்குப் பின்னால், அறை மூலையில், குளியலறைக் கூரையில் படரும் கறுப்புப் பூஞ்சை. இடியப்பம் அவிக்கும் பானையின் மூடியைத் தூக்கினால் உட்புறம் நீர் கோத்துத் தொங்கும் அல்லவா? உங்கள் வீட்டின் மிகக் குளிர்ந்த சுவர் அந்த மூடி. சோறு வடிக்கும் ஆவி, குளிக்கும் ஆவி, நாம் விடும் மூச்சு, உள்ளே காயப்போடும் உடுப்பு எல்லாம் சேர்ந்து நாலு பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்குப் பத்து லீற்றர் அளவு நீரைக் காற்றில் கலக்கின்றன. ஒரு தடவை துவைத்த உடுப்பு மட்டும் இரண்டு லீற்றர் விடும். சுவர் குளிர்ந்திருந்தால் அந்த நீர் அதில்தான் இறங்கும். அலுமாரியை வெளிச்சுவரோடு நெருக்கி வைத்தால் பின்னால் காற்று ஓடாது, சுவர் இன்னும் குளிரும்.

குளிருக்குப் பயந்து நம்மவர்கள் செய்வது என்ன? யன்னலில் உள்ள காற்றுத் துவாரத்தை ரேப் போட்டு ஒட்டுவோம். வெளிச்சுவரின் அடியில் உள்ள துளைக்கல்லை அடைப்போம். தரைப்பலகைக்குக் கீழே காற்று ஓட வேண்டும் என்பதற்காக வைத்த கல் அது. அடைத்தால் சில வருடங்களில் தரை மரம் உக்கும். பழைய சுவரின் சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வாங்கி வெளியே விடும் தன்மையுள்ளது. அதன்மேல் சீமெந்தும் பிளாஸ்ரிக் வர்ணமும் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். ஆகவே பழைய வீட்டில் எதை அடைப்பது, எதை விடுவது என்ற விவேகம் வேண்டும். பாவிக்காத புகைக்கூண்டை, சிறிது காற்றுப் போக விட்டு அடைக்கலாம். தரைப்பலகைகளுக்கு இடையிலான இடுக்கை நிரப்பலாம். கதவின் கீழிடுக்கையும் கடிதம் போடும் வாயையும் மறைக்கலாம். துளைக்கல்லில் கை வைக்கக் கூடாது. குசினியில் காற்றாடி ஓட வேண்டும், மூடி போட்டுச் சமைக்க வேண்டும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பூஞ்சை வந்தால் அது குடியிருப்பவரின் குற்றம் என்று வீட்டை வாடகைக்கு விடுபவர்களும் சில நிறுவனங்களும் எளிதாகச் சொல்லிவிடுகின்றன. நிறையச் சமைக்கிறீர்கள், நிறையப் பேர் இருக்கிறீர்கள், யன்னல் திறப்பதில்லை என்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம் இதைக் கூடுதலாகவே சொல்வார்கள். 2020 டிசம்பரில் றொச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. சூடானிலிருந்து வந்த குடும்பம். தகப்பன் பூஞ்சையைப் பற்றி மீண்டும் மீண்டும் முறையிட்டிருந்தார். வீட்டிலிருந்த பூஞ்சையை நீண்டகாலம் சுவாசித்ததே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அந்தக் குடும்பத்தின் வாழ்க்கைமுறையைப் பற்றித் தவறான ஊகங்கள் செய்யப்பட்டிருந்ததும் அதன்பின் வெளிவந்தது. அந்தப் பிள்ளையின் பெயரில்தான் இன்று சட்டம் இருக்கிறது. 2025 அக்டோபர் முதல் சமூக வீடுகளில் பூஞ்சை, ஈரம் பற்றிய முறைப்பாட்டைக் குறித்த நாட்களுக்குள் விசாரித்துச் சீர்செய்ய வேண்டும். நம் தாய்மார் சமைப்பதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. சமைப்பதற்கும் குளிப்பதற்கும் பிள்ளை வளர்ப்பதற்கும் இடம் கொடுக்க முடியாத வீடு, வீடு என்ற பெயருக்குத் தகுதியற்றது.

பணத்தின் கதையையும் சொல்ல வேண்டும். சக்தி ஒழுங்காணையம் விதித்த விலை வரம்பின்படி, சாதாரணமாகப் பாவிக்கும் குடும்பத்தின் வருடாந்தப் பில் 2021 அக்டோபரில் 1,277 பவுண். 2022 ஏப்ரலில் 1,971. அந்த ஆண்டு அக்டோபரில் அது 3,549 ஆக உயரவிருந்தது. அரசாங்கம் குறுக்கிட்டு 2,500-ல் நிறுத்தியது. யுக்ரேன் போர் அந்த விலையேற்றத்துக்குப் பெரிய காரணம்; ஆனால் இந்த நாட்டின் பெரும்பாலான வீடுகள் கேஸை நம்பி இருப்பதும், அந்த வீடுகள் ஒழுகுவதும் அடியை இரட்டிப்பாக்கின. 2012-க்குப் பிறகு, வெப்பம் வெளியேறாமல் வீடுகளுக்குக் காப்பு இடும் வேலை இங்கே செங்குத்தாக விழுந்தது. 2016 முதல் புதுவீடுகள் எல்லாம் கரியுமிழ்வு இல்லாதவையாக இருக்க வேண்டும் என்று போட்ட திட்டத்தை 2015-ல் கைவிட்டார்கள். எனக்கு இதில் இன்றும் கோபம் உண்டு. அந்த ஆண்டுகளில் செய்திருக்கக்கூடிய வேலையின் செலவைத்தான் 2022-ல் அம்மம்மாக்கள் கட்டினார்கள்.

விலை வரம்பு என்ற பெயரால் ஏமாந்தவர்களும் இருக்கிறார்கள். அதற்கு மேல் பில் வராது என்று நம்பி ஹீற்றிங்கை நாள் முழுக்க விட்ட முதியவர்களை நான் கண்டிருக்கிறேன். வரம்பு யூனிற்றின் விலைக்கும் நாட்கட்டணத்துக்கும் மட்டும்தான். பாவித்ததற்கு எல்லை இல்லை.

அதேபோல இன்னொரு பிழையான நம்பிக்கை: வீடு முழுக்கச் சூடாக்காமல் ஓர் அறைக்கு மட்டும் சின்ன மின்சார ஹீற்றர் வைத்தால் மிச்சம் என்பது. மின்சார யூனிற் கேஸ் யூனிற்றைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு விலை. 2 கிலோவாற் ஹீற்றர் ஒரு மணித்தியாலத்தில் 50 பென்ஸ் அளவில் தின்னும். பொயிலரை ஓடவிட்டு, தேவையில்லாத அறைகளின் ரேடியேற்றரை அதன் ஓரத்தில் உள்ள திருகால் குறைத்து வைப்பது பெரும்பாலும் மலிவு. நீர்த்தாங்கி இல்லாத கொம்பி பொயிலர் என்றால், ரேடியேற்றருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை 75, 80-லிருந்து 60-க்குக் குறையுங்கள். 2005 முதல் இங்கே பூட்டும் பொயிலர்கள் புகையில் உள்ள ஆவியை நீராக்கி அந்த வெப்பத்தையும் மீட்கும் வகை. திரும்பி வரும் தண்ணீர் 55 பாகைக்குக் குறைவாக இருந்தால்தான் அது நடக்கும். தாங்கி உள்ளவர்கள் தாங்கியின் சூட்டை 60-க்குக் கீழே கொண்டுபோக வேண்டாம், கிருமி வளரும்.

ஆனால் சிக்கனத்துக்கு ஓர் எல்லை உண்டு. உலக சுகாதார நிறுவனம் குளிர்நாடுகளில் வீட்டினுள் குறைந்தது 18 பாகை வேண்டும் என்கிறது. முதியவருக்கும் நோயாளிக்கும் குழந்தைக்கும் அதற்கும் மேல் தேவைப்படலாம். குளிரில் இரத்தக்குழாய் சுருங்கும், அழுத்தம் கூடும், இரத்தம் தடிக்கும். மாரடைப்பும் பக்கவாதமும் குளிர்காலத்தில் கூடுவது இதனால். தெற்காசியர்களான நமக்கு இருதய நோயும் நீரிழிவும் ஏற்கெனவே அதிகம். ஊருக்குக் காசு அனுப்புவதற்காக 14 பாகையில் இருந்து பழகிய பெற்றோரே, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஹீற்றிங்கைப் போடுங்கள்.

புது வீடு என்றால் எல்லாம் தீர்ந்ததா? சுவர் நல்லது, காற்று ஒழுகாது. அதனாலேயே காற்றாடியை நிறுத்தினால் உள்ளே மூச்சு முட்டும். தெற்கு நோக்கிய பெரிய கண்ணாடி உள்ள அடுக்குமாடிகள் கோடையில் வேகின்றன. பல புது மாடிகளில் தனித்தனிப் பொயிலர் கிடையாது. கட்டடம் முழுவதற்கும் ஒரே பொயிலர் அறை. அந்த வீட்டினரை 2022-ல் விலை வரம்பு காக்கவில்லை. வாங்கும் முன் இதைக் கேளுங்கள். வெப்பப் பம்பு நல்ல இயந்திரம். ஒரு யூனிற் மின்சாரத்தில் மூன்று யூனிற் அளவு வெப்பம் தரும். மின்சாரம் நான்கு மடங்கு விலையாக இருக்கும்வரை, ஒழுகும் பழைய வீட்டில் அதைப் பூட்டினால் பில் குறையும் என்று நான் உறுதி தரமாட்டேன். காப்பு முதலில், பம்பு பிறகு.

நல்லது எப்படி இருக்கும் என்பதையும் பார்க்கலாம். நோரிச் நகரில் கோல்ட்ஸ்மித் தெரு என்று ஓர் இடம். கவுன்சில் கட்டிய வாடகை வீடுகள், 105. ஜெர்மனியில் டார்ம்ஸ்ராட் நகரில் 1991-ல் முதல் வீடு எழுந்த முறைப்படி, தடித்த காப்பும் மூன்றடுக்குக் கண்ணாடியும் ஒழுகாத கட்டுமானமுமாகக் கட்டினார்கள். 2019-ல் பிரித்தானியக் கட்டடக்கலையின் உயர்ந்த பரிசான ஸ்ரேர்லிங் விருது, கண்ணாடிக் கோபுரம் எதற்கும் போகாமல், அந்தத் தெருவுக்குப் போனது. வருமானம் குறைந்தவர்கள் வாழும் வீடு நாட்டிலேயே சிறந்த கட்டடமாக இருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

பழைய வீட்டுக்காரர்களுக்கு வரிசை இதுதான்: முதலில் இடுக்குகள், பிறகு கூரைக்கு 270 மில்லிமீற்றர் காப்புக் கம்பளி, அதன்பின் சுவர். சுவர் வேலைக்கு அவசரப்பட வேண்டாம். இலவசமாகச் செய்து தருகிறோம் என்று கதவைத் தட்டுபவரிடம் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். அரசாங்கத் திட்டங்களில் வெளிச்சுவருக்கு இட்ட காப்பில் 98 சதவீதத்தில் பெரிய குறைபாடு இருந்ததாகத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2025-ல் சொன்னது. கூரைக்குள் நுரை பீச்சிய வீடுகளுக்குக் கடன் கொடுக்கப் பல வங்கிகள் மறுக்கின்றன.

வாடகைக்கு இருப்பவர்களே, நீங்கள் சுவரை மாற்ற முடியாது. ஆனால் வீட்டின் சக்திச் சான்றிதழை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். விதிவிலக்குப் பதிவு இல்லாமல் ஈ தரத்துக்குக் கீழே உள்ள வீட்டை வாடகைக்கு விடுவது 2020 முதல் சட்டவிரோதம். கடுங்குளிரும் பூஞ்சையும் கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவு வந்து பார்க்க வேண்டிய ஆபத்துகளின் பட்டியலில் இருக்கின்றன. முறையிட்டால் வீட்டைவிட்டு எழுப்பிவிடுவார்கள் என்ற பயத்தைப் போக்க, காரணம் சொல்லாமல் எழுப்பும் வழியை மூடும் சட்டம் 2025-ல் நிறைவேறியிருக்கிறது. படம் எடுத்து வையுங்கள், திகதி எழுதி வையுங்கள், வாயால் சொல்லாமல் எழுத்தில் கேளுங்கள். ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தயங்கும் பெரியவர்கள் கூட்டம் முடிந்ததும் பின்பக்க மேசைக்கு வாருங்கள். கேஸ் பில்லையும் வாடகை ஒப்பந்தத்தையும் கொண்டுவந்திருந்தால் முதல் கடிதத்தை இன்றைக்கே சேர்ந்து எழுதலாம்.